பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ விமானப் பயணம்: தூரம், நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் ஒரு சின்ன டிக்கெட் ஆபீஸில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். அல்சூர், ஃப்ரேசர் டவுன், ஸ்ரீராமபுரம், ராமமூர்த்தி நகர், அந்தப் பக்கம் கே.ஆர். புரம் என்று நம் தமிழ்க் குடும்பங்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறவர்கள். மகன் சன்னிவேலில் இருப்பான், மகள் ஃப்ரீமான்ட்டில் இருப்பாள். பிரசவத்துக்குத் துணையாக, பேரனைப் பார்க்க, இல்லாவிட்டால் மூன்று மாதம் இருந்துவிட்டு வர என்று பெற்றோர்கள் கிளம்புகிறார்கள். விலையைக் கேட்பதற்கு முன்பே "எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்" என்றுதான் கேட்பார்கள். போனில் ஒரு கணக்கு இருக்கும், டிக்கெட்டில் ஒரு கணக்கு இருக்கும், மகன் சொன்னது மூன்றாவது கணக்காக இருக்கும்.

அந்தக் குழப்பத்தோடு 60 வயதுக்கு மேல் முதல்முறையாக இவ்வளவு தூரம் கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்காது. அதனால் எழுதி வைத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

பெங்களூர்ல இருந்து சான் பிரான்சிஸ்கோ மொத்தம் எவ்வளவு தூரம், தம்பி?

சுமார் 13,990 கி.மீ. தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் வரை, பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியில் அளந்தால் வரும் தூரம் இது. பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000 கி.மீ. தான், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இங்கிருந்து சென்னைக்கு ரோட்டில் 350 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், அப்படி 40 முறை.

ஒரு ஆப்புல 13,990-னு காட்டுது, இன்னொண்ணுல 8,690, மூணாவதுல 7,550. எதைத்தான் நம்புறது?

மூன்றும் சரி. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். சாதாரண மைல் 1.609 கி.மீ.; கடல் மைல் 1.852 கி.மீ. கப்பல்காரர்கள் வைத்திருந்த அளவை விமானிகளும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு வசதி உண்டு. அட்சரேகையில் ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு கிட்டத்தட்ட ஒரு கடல் மைல். வரைபடத்தைப் பார்த்தே தூரம் சொல்லிவிடலாம்.

சில ஆப்கள் 14,000-க்கு மேல் காட்டும். அது விமானம் நிஜமாகப் பறந்த வழியின் நீளம். அதைக் கீழே சொல்கிறேன்.

அப்போ எத்தனை மணி நேரம் ஆகும்?

நடுவில் எங்கும் இறங்காத நான்-ஸ்டாப் விமானத்தில் போக ஏறக்குறைய 16 மணி நேரம், வர 17 முதல் 17½ மணி நேரம். ஒரு ஊரில் மாறிப் போகும் கனெக்டிங் என்றால், காத்திருப்பையும் சேர்த்து 21-இலிருந்து 26 மணி நேரம் வரை. இந்த மணிக்கணக்கு விமானம் வாசலை விட்டு நகர ஆரம்பித்ததிலிருந்து அங்கே போய் வாசலில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் இதில் அடக்கம்.

இந்த இரண்டு ஊர்களையும் நான்-ஸ்டாப்பாக இணைத்தது 2021 ஜனவரியில் ஏர் இந்தியா. முதல் விமானம் அங்கிருந்து ஜனவரி 9 இரவு கிளம்பி, 11-ஆம் தேதி விடியற்காலை பெங்களூரில் இறங்கியது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்கள். வட துருவப் பகுதியின் மேலாகப் பறந்து வந்தார்கள். அன்று ஆபீஸுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஆனால் விமான அட்டவணைகள் வருடத்துக்கு 2 முறை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் போன விமானம் இந்த வருடமும் ஓடும் என்று எண்ணிக்கொண்டு திட்டம் போடாதீர்கள். டிக்கெட் எடுக்கும் நாளில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

மதியம் 2.30-க்குக் கிளம்பி சாயங்காலம் 5 மணிக்கு இறங்குதுன்னு போட்டிருக்கே. ரெண்டரை மணி நேரத்துல அமெரிக்காவா?

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் பெங்களூரு நேரம், இறங்கும் நேரம் சான் பிரான்சிஸ்கோ நேரம். எந்த டிக்கெட்டிலும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். குளிர்காலத்தில் அவர்கள் நம்மைவிட 13½ மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள்.

கணக்கை இப்படிப் போடுங்கள். திங்கள் மதியம் 2.30-உடன் 16 மணி நேரத்தைக் கூட்டினால் நம் கடிகாரத்தில் செவ்வாய் காலை 6.30. அதிலிருந்து 13½-ஐக் கழித்தால் அங்கே திங்கள் மாலை 5 மணி. நான் இதை டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுவேன். "பொண்ணு எத்தனை மணிக்கு ஏர்போர்ட் வரணும்" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

மார்ச் மாசம் ஆனா மகன் போன் பண்ற நேரமே மாறிடுது. விமான நேரமும் மாறுமா?

மாறும். மார்ச் இரண்டாவது ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பப் பின்னால் வைப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் வித்தியாசம் 12½ மணி நேரம். மேலே சொன்ன கணக்கில் மாலை 5 என்பது 6 ஆகிவிடும். பறக்கும் நேரம் அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

அமெரிக்கா நமக்குக் கிழக்கா, மேற்கா? விமானம் எந்தப் பக்கமா போகும்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். சுவரில் மாட்டிய வரைபடத்தில் அமெரிக்கா இடது ஓரத்தில் இருக்கும். மேற்கே அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் தாண்டிப் போக வேண்டும் என்றுதான் தோன்றும். என் மேசையில் ஒரு அடி அகலத்தில் ஒரு பூமி உருண்டை வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டவரிடமே பூ கட்டும் நூலில் ஒரு துண்டைக் கொடுப்பேன். ஒரு நுனியைப் பெங்களூரு மேல் அழுத்திக்கொண்டு, மறு நுனியை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து விறைப்பாக இழுக்கச் சொல்வேன். நூல் கிழக்கும் போகாது, மேற்கும் போகாது. வழுக்கிக்கொண்டு மேலே ஏறும்.

காசிக்கும் பிரயாகைக்கும் நடுவே புகுந்து நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா என்று போய், ரஷ்யாவின் வட கரையை ஒட்டி 71 பாகை அட்சரேகை வரை உயர்ந்து, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கும். அந்த உருண்டையில் நூலின் நீளம் முக்கால் முழம். வட்டமான தரையை மடித்துத் தட்டையான காகிதத்தில் ஒட்டும்போது வடக்குப் பகுதி இழுபட்டு அகலமாகிவிடுகிறது. அதனால்தான் காகிதத்தில் நேர்க்கோடு போட்டால் தூரம் அதிகம், உருண்டையில் வடக்கே வளைந்து போனால் தூரம் குறைவு. ஒரு பாட்டி நூலைப் பிடித்தபடியே, "அப்போ நான் பனிப் பிரதேசத்துக்கு மேலதான் போறேனா?" என்று கேட்டார். அவர் கண்ணில் பயம் இல்லை, ஆசைதான் இருந்தது.

நூல் போன வழியிலேயே விமானமும் போகுமா?

போகாது. முதல் தடை திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், மூச்சு விடக்கூடிய உயரமான 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு, சீக்கிரம் இறங்கியாக வேண்டும். திபெத் பீடபூமியின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்க இடமே இல்லை. அதனால் பெரும்பாலான விமானங்கள் அதைச் சுற்றித்தான் போகும். கிழக்கே போகும்போது வங்காள விரிகுடா, மியான்மர், சீனா, ஜப்பான் பக்கம், பசிபிக் என்று ஒரு வழி உண்டு.

இரண்டாவது தடை மனிதர்கள் போட்டது. உக்ரைன் போர் தொடங்கிய 2022 முதல் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டிருக்கிறது. இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தடை வரவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அப்போது வடக்கு நகரங்களிலிருந்து மேற்கே போன பல பயணங்களுக்கு மணிக்கணக்கு கூடியது. தரையில் ஒரு ரோட்டை அடைத்தால் மாற்று வழியில் போவோம் இல்லையா, மேலேயும் அதேதான்.

மூன்றாவது, இறங்க இடம் வேண்டும். இரண்டு என்ஜின் விமானம், ஒரு என்ஜின் நின்றாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டும்படிதான் வழி போடுவார்கள். 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போய்க்கொண்டிருந்த விமானம் என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் தூர கிழக்கில் உள்ள மகதான் என்ற ஊரில் பத்திரமாக இறங்கியது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று என் உருண்டையில் தேடிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். வடக்கே போகும் அந்த வழியை ஒட்டித்தான் இருக்கிறது.

போக 16, வர 17½. ஒரே தூரம்தானே, எப்படி ஒன்றரை மணி நேரம் கூடுது?

காற்று. விமானம் பறக்கும் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வேகமான காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். குளிர்காலத்தில் வட பசிபிக் மேல் மணிக்கு 200 கி.மீ.-க்கு மேலும் வீசும். ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றோடு போனால் மிதிக்கவே வேண்டாம். எதிர்த்து வந்தால் இறங்கித் தள்ளத் தோன்றும்.

சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் போகும்போது வேகம் 1,100 என்று காட்டினால் பயப்படாதீர்கள். விமானம் காற்றுக்குள் பறப்பது எப்போதும்போல 900 கி.மீ. வேகத்தில்தான், மீதி 200-ஐக் காற்று கொடுக்கிறது. திரும்பும்போது இந்தக் காற்றுக்குள் தலையைக் கொடுக்காமல் வடக்கே துருவப் பக்கம் ஏறி வருவதும் உண்டு. எந்த வழி என்பதை அன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் போன வாரம் ஜப்பான் பக்கம் போன அதே எண் விமானம் இந்த வாரம் வேறு பக்கம் போகும். 30, 40 நிமிடம் முன்னால் இறங்குவதும் இதனால்தான்.

போகும்போது மிச்சம், வரும்போது நஷ்டம். ரெண்டும் சேர்ந்தா சமமாயிடும் இல்லையா?

இது ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கேட்டது. சமமாகாது, நஷ்டம்தான் கொஞ்சம் கூடும். காற்றே இல்லை என்று வைப்போம்: 14,000 கி.மீ.-ஐ 900 வேகத்தில் கடக்க 15½ மணி நேரம், போய்வர 31 மணி நேரம். இப்போது 100 கி.மீ. காற்று என்று வையுங்கள். போகும்போது வேகம் 1,000, ஆகும் நேரம் 14. வரும்போது 800, ஆகும் நேரம் 17½. மொத்தம் 31½. எதிர்க்காற்றில் நாம் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் அதிகம், பின்காற்றை அனுபவிக்கும் நேரம் குறைவு. அவர் அங்கேயே பேனாவை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆமாம்பா" என்று சிரித்தார்.

பூமிதான் கிழக்கே சுத்துதே. மேலே எழும்பி நின்னாலே அமெரிக்கா நம்ம கீழ வந்துடாதா?

பேரக் குழந்தைகள் கேட்டு, தாத்தாக்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி. லால்பாக் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு எலுமிச்சம்பழத்தை மேலே தூக்கிப் போடுங்கள். ரயில் ஓடிக்கொண்டே இருந்தாலும் பழம் உங்கள் கைக்கே வரும், பின் சீட்டுக்காரர் மடியில் விழாது. தரை, காற்று, ஓடுபாதையில் நிற்கும் விமானம் எல்லாமே பூமியோடு சேர்ந்து சுழல்கின்றன. ஆனால் அந்தச் சுழற்சிக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது: சூடான காற்று வடக்கே நகரும்போது அதைக் கிழக்கே திருப்பிவிடுவது அதுதான். மேலே சொன்ன காற்று ஆறு கிழக்கு நோக்கி ஓடுவதற்கு அதுவும் காரணம்.

டைரக்ட்னுதான் எழுதியிருந்தது. நடுவுல ஒரு ஊர்ல இறக்கிட்டாங்களே?

டைரக்ட் வேறு, நான்-ஸ்டாப் வேறு. கிளம்பியதிலிருந்து கடைசி வரை ஒரே விமான எண் இருந்தால் போதும், நடுவில் ஓர் ஊரில் இறங்கினாலும் அது டைரக்ட்தான். நான்-ஸ்டாப் என்றால்தான் எங்கும் இறங்காது. டிக்கெட் எடுக்கும்போது "ஸ்டாப்" என்ற இடத்தில் சைபர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எரிபொருள் நிரப்ப மட்டும் இறங்குவதும் உண்டு. அதில் பயணிகள் சீட்டிலேயே இருப்பார்கள்.

டெல்லி வழியா, துபாய் வழியா, சிங்கப்பூர் வழியா, லண்டன் வழியா… எது கிட்ட?

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். டெல்லி வழியாகப் போனால் 1,710-உம் 12,380-உம் சேர்ந்து 14,090 கி.மீ. நேர் வழியைவிட வெறும் 100 கி.மீ. தான் அதிகம், ஏனென்றால் நூல் போகும் திசையிலேயே டெல்லியும் ஓரமாக இருக்கிறது. துபாய் வழியாக 2,690-உம் 13,020-உம், மொத்தம் 15,710. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக 16,550, லண்டன் வழியாக 16,670, சிங்கப்பூர் வழியாக 16,760. எல்லாம் உருண்டையில் அளந்த தூரம்.

ஆனால் நான் இந்தத் தூரத்தைப் பார்த்து டிக்கெட் போடுவதில்லை. பயணத்தை எங்கே வெட்டுகிறது என்று பார்ப்பேன். துபாயில் மாறினால் முதலில் 4 மணி நேரம், அப்புறம் ஒரே மூச்சில் 16 மணி நேரம். லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் என்றால் 10-உம் 11-உம், கிட்டத்தட்ட சரிபாதி. முழங்கால் வலி உள்ளவருக்கு 1,000 கி.மீ. கூடினாலும் சரிபாதியில் எழுந்து நடக்கக் கிடைப்பதுதான் நல்லது. இங்கிலீஷ் பேசக் கூச்சப்படுகிறவருக்கு வேறு கணக்கு: சிங்கப்பூர் விமான நிலையத்தில் அறிவிப்புப் பலகையிலேயே தமிழ் இருக்கும், அது பெரிய தைரியம்.

அபுதாபிக்கு ஒரு தனி வசதி உண்டு. அமெரிக்க இமிக்ரேஷனை அங்கேயே முடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் உள்ளூர்ப் பயணிபோல் இறங்கி வெளியே வந்துவிடலாம். மற்ற வழிகளில் அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் கால் வைக்கிறீர்களோ அங்கேதான் இமிக்ரேஷன். நியூயார்க்கில் மாறுவதாக இருந்தால் பெட்டியையும் அங்கே எடுத்து மறுபடி போட வேண்டும்.

மாறுற ஊர்ல எவ்வளவு நேரம் இடைவெளி வேணும்? குறைவா இருந்தா சீக்கிரம் போயிடலாமே?

எனக்கு இந்த வேலை புதிதாக இருந்தபோது, ஒரு வயதான தம்பதிக்கு 1 மணி 15 நிமிட இடைவெளியில் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். மொத்த நேரம் குறைவு என்பதால் அவர்களுக்கும் சந்தோஷம். முதல் விமானம் 50 நிமிடம் தாமதம். அந்த அம்மாவால் வேகமாக நடக்க முடியவில்லை. வாசல் மூடிய பிறகு போய் நின்றிருக்கிறார்கள். ஊர் பெயர் தெரியாத ஒரு விமான நிலையத்தில் 14 மணி நேரம், கையில் பருப்புப்பொடி டப்பாவும் மாத்திரைப் பையும் மட்டும். ராத்திரி 2 மணிக்கு அந்த ஐயா எனக்குப் போன் செய்து, திட்டக்கூட இல்லை, "இப்ப நாங்க என்ன பண்ணணும் தம்பி" என்று மட்டும் கேட்டார். இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து பெரியவர்களுக்கு 3 மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி நான் போடுவதில்லை. இன்னொன்று: இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், இருக்க வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவு என்று தனித்தனியாக வாங்கினால், தவறவிட்டது உங்கள் கணக்கு. பெட்டியையும் நடுவழியில் நீங்களே எடுத்துப் போட வேண்டியிருக்கும், அதற்கு அந்த ஊர் விசா தேவைப்படலாம்.

அம்மாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு. ஒரே மூச்சுல 16 மணி நேரம் உட்கார வைக்கலாமா?

மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். முக்கியமாக, இன்சுலினும் மாத்திரையும் எந்த ஊர் நேரப்படி என்பதை அவரிடமே எழுதி வாங்குங்கள். 12, 13 மணி நேரம் புரண்டுபோகும் பயணத்தில் "ராத்திரி மாத்திரை" என்பதற்கு அர்த்தமே மாறிவிடும். மருந்துகளை மருத்துவர் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

என் அபிப்பிராயம்: தனியாகப் போகும் அம்மாவுக்கு நான்-ஸ்டாப் கிடைத்தால் அதுதான். வழி தவறும் பயம் இல்லை, ஏற்றிவிட்டால் மகள் கையில் இறங்குவார். நடைபாதை ஓரச் சீட்டு போட்டு, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். வெகுநேரம் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. இரண்டு பேராகப் போனால் மேலே சொன்ன சரிபாதி வழியை யோசிக்கலாம். எதுவானாலும் வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். "நான் நடப்பேன், எனக்கெதுக்கு" என்று வெட்கப்படுகிறவர்கள் அதிகம். நடப்பீர்கள், தெரியும். ஆனால் இமிக்ரேஷன் வரிசையில் 1½ மணி நேரம் நிற்பது வேறு.

எல்லாம் சரி, வீட்டு வாசல்ல இருந்து அவங்க வீட்டு வாசல் வரைக்கும் எவ்வளவு?

ஏறக்குறைய ஒரு முழு நாள். கே.ஆர். புரத்திலிருந்து மதியம் 2.30 விமானத்துக்குக் காலை 9-க்குக் கிளம்புகிறீர்கள். ஹெப்பாள் நெரிசல் தாண்டி, 3½ மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரலாம். பறப்பது 16 மணி நேரம். அங்கே இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் 1½ மணி நேரம். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் ஊருக்குத் தெற்கே தனியாக இருக்கிறது. அங்கிருந்து ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கம் காரில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். கூட்டிப் பாருங்கள், 24 மணி நேரம். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருகிறவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். 14,000 கி.மீ.-ல் வராத தாமதம் அந்த 55, 60 கி.மீ.-ல் வரும்.

வெயில் காலத்துல எங்க பெட்டியை விட்டுட்டு விமானம் போயிடுச்சு. இடம் இல்லையா?

இடத்தைவிட எடைதான் காரணமாக இருந்திருக்கும். பெங்களூரு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 915 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் காற்று மெல்லியது, வெயிலில் இன்னும் மெல்லியது. இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும். இவ்வளவு தூரம் போகும் விமானம் தொட்டி நிறைய எரிபொருளோடு எழும்ப வேண்டும். முதலில் ஓடிய போயிங் 777-200எல்ஆர் ரகத்தின் தொட்டி 1,81,000 லிட்டர் கொள்ளும். எரிபொருளைக் குறைக்க முடியாது. எதிர்க்காற்று பலமான நாளில் இன்னும் கூடுதலாக நிரப்புவார்கள். அப்போது சரக்கு குறையும், சில சமயம் பெட்டிகளும் அடுத்த விமானத்தில் வரும். ஒரு நாள் துணியும் மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ராகு காலம் எந்த ஊர் நேரப்படி பார்க்கணும்?

கிளம்பும் ஊர்ப்படி. ராகு காலம் அந்த ஊரின் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரித்து வருவது. விமான நேரம் நம் கையில் இல்லை என்பதால், வீட்டை விட்டுப் படியிறங்கும் நேரத்தையே பலரும் நல்ல நேரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பின் மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது.

திங்கட்கிழமை ராத்திரி அங்க ஏறினா இங்க புதன்கிழமை இறங்குதாமே. செவ்வாய்க்கிழமை எங்க அப்பா திதி. அது என்ன ஆகும்?

ஒரு வாடிக்கையாளர் சான் ஹோசேயிலிருந்து போனில் கேட்டது. திரும்பும் கணக்கு இப்படி: திங்கள் இரவு 8.30-க்கு அங்கே கிளம்பும்போது நமக்கு ஏற்கனவே செவ்வாய் காலை 10 மணி. 17½ மணி நேரம் சேர்த்தால் புதன் விடியற்காலை 3.30. செவ்வாய் முழுவதும் ஆகாயத்தில் கழியும். போகும்போது ஒரே திங்கட்கிழமையில் இரண்டு மாலை பார்த்தோமே, அதற்கு இது ஈடு.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி 12 பாகை கூடும் நேரம். ஆகவே அது உலகம் முழுவதும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடியும். ஆனால் கடிகாரம் 13½ மணி நேரம் தள்ளி இருப்பதால், இங்கே செவ்வாயில் வரும் திதி அங்கே திங்களிலேயே வந்துவிடலாம். அதனால் அங்கேயே செய்வதாக இருந்தால் அந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும், பெங்களூருக் காலண்டரை வைத்துச் செய்யக் கூடாது. வீட்டுச் சாஸ்திரிகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. இங்கே வந்து செய்வதாக இருந்தால் ஞாயிறு இரவே ஏறிவிட வேண்டும்.

அந்த அண்ணன் டிக்கெட்டை ஞாயிறுக்கு மாற்றச் சொன்னார். செவ்வாய் விடியற்காலை 3.30-க்குத் தேவனஹள்ளியில் இறங்கி, 6 மணிக்குள் ஸ்ரீராமபுரம் வீட்டுக்குப் போய்க் குளித்து, 9 மணிக்கு எள்ளும் தண்ணீருமாகத் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் அவர் மனைவி எனக்கும் ஒரு டப்பாவில் வடையும் பாயசமும் கொடுத்தனுப்பினார்.